கான்ஃபிகர் நாட்குறிப்பு

மார்ச் 22, 2024
நம் மென்பொருளைத் தொகுக்கும் முன் கணினியைச் சோதித்துப் பார்க்கும் ஷெல் ஸ்கிரிப்ட்தான் கான்ஃபிகர். ஷெல் என்பது கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல். கான்ஃபிகர் ஓடியதா என்று சொலாரிஸ் 10 என்ற பழைய யூனிக்ஸ் வைத்திருப்பவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

மார்ச் 24
வந்துவிட்டது. கான்ஃபிகர் நாலாவது வரியிலேயே செத்திருக்கிறது, ஒரு கட்டளையின் வெளியீட்டை எடுத்துத் தரும் $( ) இருந்த இடத்தில். புதிதாகச் சேர்ந்த தம்பி அதே வேலையைச் செய்யும் பழைய குறியான பேக்டிக்கை (`) எடுத்துவிட்டு அதைப் போட்டிருக்கிறார். பார்க்க அழகுதான். ஆனால் அங்கே /பின்/எஸ்எச் என்றால் பழைய போர்ன் ஷெல். அதற்கு $( ) புரியாது. அது புரிகிற, போசிக்ஸ் தரத்தைப் பின்பற்றும் ஷெல்லும் அந்தக் கணினியில் உண்டு, வேறொரு அடைவில். நம் ஸ்கிரிப்டின் முதல் வரி /பின்/எஸ்எச்சைத்தான் அழைக்கிறது, அங்கே போகாதே.

மார்ச் 25
மறுபடியும் எக்கோ, உரையை அச்சிடும் கட்டளை. பின்சாய்கோடு உள்ள பாதையைப் பாஷ் என்ற ஷெல் அப்படியே அச்சிடும், டாஷ் என்ற ஷெல் அதை உருமாற்றிவிடும். உபுண்டு லினக்ஸ் 2006-லேயே 6.10 பதிப்பில் எஸ்எச்சை டாஷுக்கு மாற்றிவிட்டது. இன்னமும் எக்கோ எழுதுகிறார்கள். அதற்குப் பதில் பிரின்ட்எஃப் கட்டளை போதும், தயவுசெய்து.

மார்ச் 27
ஒருவர் கணினியில் மட்டும் பில்ட் (மென்பொருளைத் தொகுப்பது) உடைகிறது. மாலை வரை புரியவில்லை. அடைவு மாறும் சிடி கட்டளை எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் சிடிபாத்தை அவர் எக்ஸ்போர்ட் செய்து வைத்திருக்கிறார். அது இருந்தால் சிடி தான் போன அடைவின் பெயரை அச்சிடும், அப்புறம் இருக்கும் அடைவைச் சொல்லும் பிடபிள்யூடி அதையே இன்னொரு முறை அச்சிடும். மாறியில் ஒரு பாதைக்குப் பதில் இரண்டு வரி! சிடியின் வெளியீட்டை, எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் தள்ளினேன். சரியாகிவிட்டது.

மார்ச் 28
எக்கோ, இன்னொரு கோப்பில்.

மார்ச் 30
தூக்கம் வரவில்லை. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகள் இரண்டிலும் பின்கதவு, அதாவது திருட்டு வழி. பயனர்களுக்குத் தரும் வெளியீட்டு டார் கோப்பில் (மூலக்கோப்புகளின் பொதி) இருந்த பில்ட்-டு-ஹோஸ்ட் எம்4 கோப்பு, மூலநிரலை எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் கிட் களஞ்சியத்திலேயே இல்லை. கான்ஃபிகர் ஓடும்போது அது சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்திருந்த ஷெல் ஸ்கிரிப்டைப் பிரித்து ஓட்டியிருக்கிறது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருளாளர் விடாமல் துரத்தியதால்தான் தெரிந்தது.

நம் கான்ஃபிகரை யார் படிக்கிறார்கள்? பல்லாயிரம் வரி. சொலாரிஸுக்கு ஒன்று, ஏஐஎக்ஸ் என்ற இன்னொரு யூனிக்ஸுக்கு ஒன்று என்று காரணத்தோடு சேர்த்த விசித்திர வரிகள். அவற்றுக்கு நடுவே காரணமில்லாத ஒரு விசித்திர வரியைச் செருகினால் யார் கண்ணில் படும்? அந்தப் பழைய கணினிக்காரரைக் கைவிட மனசில்லை. ஆனால் அவருக்காக எழுதும் வரிகளே திருடனுக்கு மறைவிடம் ஆகின்றன. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 1
எக்ஸ்இசட்டைத் தொகுக்க உதவும் சிமேக் கோப்பில் வேண்டாத ஒரே ஒரு புள்ளி. அதனால் லேண்ட்லாக் (நிரலைக் கட்டுக்குள் வைக்கும் லினக்ஸ் வசதி) இருக்கிறதா என்ற சோதனை எப்போதும் தோற்கும், அந்தப் பாதுகாப்பு சத்தமில்லாமல் அணைந்துவிடும். ஒரு புள்ளி.

ஏப்ரல் 2
சொலாரிஸில் நாலாவது வரி தாண்டியது. இப்போது கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் மைனஸ் ஈ தெரியாது என்கிறது. மைனஸ் எஃப் போட்டு அனுப்பினேன்.

இனி விசித்திர வரி ஒவ்வொன்றின் மேலும் எந்த ஷெல்லுக்காக என்ற குறிப்பு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஏற்க மாட்டேன். தம்பிக்கும் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 4
டார் கோப்பில் உள்ள கான்ஃபிகரைக் கிட்டிலிருந்து யார் உருவாக்கினாலும் எழுத்துக்கு எழுத்து அதே வர வேண்டும். கான்ஃபிகரை உருவாக்கும் கருவியான ஆட்டோகான்ஃப் 2.71-ல் ஒன்று வருகிறது, 2.72-ல் வேறு வருகிறது. 2.71 என்றே நிறுத்திக்கொண்டோம். ஆனாலும் தம்பி கணினியில் கோப்புப் பட்டியலின் வரிசை மட்டும் மாறுகிறது. லோக்கேலாக (மொழி, அகரவரிசை அமைப்பு) இருக்கலாம். அதை நிர்ணயிக்கும் எல்சி-ஆல் மதிப்பை சி என்று வைத்து ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.