நைட்ஸ் ஆஃப் கொலம்பஸில் சேர்ந்த கதை

கத்தோலிக்க ஆண்களின் சகோதர அமைப்பான நைட்ஸ் ஆஃப் கொலம்பஸில் சேர்ந்துவிட்டேன். அமெரிக்காவில் ஏதாவது ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்குப் போய்வருபவர்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோயில் ஹாலில் மீன் வறுப்பார்கள், பெரிய விழாக்களில் தொப்பியும் வாளுமாக வரிசையில் நிற்பார்கள். வாளெல்லாம் உறுப்பினர் நிலைகளில் நான்காவதுக்குப் போகிறவர்களுக்குத்தான், எனக்கு அந்த ஆசை இல்லை.

என்னை இழுத்தது இதன் தொடக்கம். கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் செயின்ட் மேரீஸ் கோயிலில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த மைக்கேல் மெக்கிவ்னி என்ற இளம் குருவானவர் 1882-ல் ஆரம்பித்தது. அவருடைய பங்கு மக்களில் பலர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். சம்பாதிக்கிற மனுஷன் திடீரென்று போய்விட்டால் மனைவி பிள்ளைகள் கதி அதோகதிதான். இது அவருக்குச் சொந்த அனுபவமும்கூட, 1873-ல் அப்பா இறந்தபோது குருமடப் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அதனால்தான் ஆண்கள் ஒன்றுசேர்ந்து பணம் போட்டு, இறந்தவரின் குடும்பத்தைத் தாங்குவது என்று ஏற்பாடு செய்தார். அவரே 1890-ல், 38 வயதில் போய்விட்டார். 2020-ல் அருளாளர் பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, கொடுத்தார்கள்.

அந்த ஏற்பாடுதான் இன்றைக்கு உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமான பெரிய ஆயுள் காப்பீட்டு வியாபாரமாக வளர்ந்து நிற்கிறது. சேர்ந்தால் ஏஜென்ட் போன் செய்வார், அதற்குத் தயாராக இருங்கள். பாலிசி எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது, பிடித்தால் எடுங்கள், இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.

சேர்வதற்கு 18 வயது நிரம்பிய, திருச்சபையோடு ஒன்றித்து வாழும் கத்தோலிக்க ஆணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பு முதல் மூன்று நிலைகளுக்கும் தனித்தனியாக, வெளியாட்களை விடாமல் சடங்கு நடத்துவார்கள். 2020 முதல் மூன்றையும் ஒன்றாக்கி, குடும்பத்தார் முன்னிலையிலேயே நடத்தலாம் என்று மாற்றிவிட்டார்கள். நல்ல மாற்றம். மனைவிக்குத் தெரியாத ரகசியம் எதற்கு?

ஆனால் என் மனைவி கேட்ட கேள்வி வேறு. "குடும்பம் குடும்பம் என்கிறார்கள், உறுப்பினர் மட்டும் ஆம்பளைங்களா?" நியாயமான கேள்விதான். மீன் வறுக்கும் நாளில் பாதி வேலை பெண்கள் தலையில்தான் விழுகிறது, கூட்டத்தில் ஓட்டு என்னவோ ஆண்களுக்கு மட்டும். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கூட்டங்களும் அப்படி ஒன்றும் சுவாரசியமானவை அல்ல. கிராண்ட் நைட் என்று தலைவருக்குப் பெரிய பட்டம், பேச்சு முழுக்க வரவு செலவும் போன மாத அறிக்கையும். வெளியே இறங்கி வேலை செய்யும்போதுதான் இந்த அமைப்பு எதற்கு என்று புரியும். குளிர்காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கோட்டு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகத் தெருவில் நின்று நிதி திரட்டுவது, ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளுக்குக் கைகொடுப்பது என்று நிறைய இருக்கிறது. கருக்கலைப்புக்கு எதிராக வெளிப்படையாக நிற்கிற அமைப்பு என்பதையும் தெரிந்துகொண்டு சேருங்கள், அப்புறம் சங்கடப்பட வேண்டாம்.

இணையத்திலேயே பெயர் கொடுத்துவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் பங்கில் இருக்கும் கவுன்சிலோடு (உள்ளூர்க் கிளை) ஒருநாள் வேலை செய்து பாருங்கள், ஆண்டுச் சந்தா எவ்வளவு என்றும் கேளுங்கள், அது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும்.