புசிப்பும் குடிப்பும்

தேவனுடைய ராஜ்யம் ஆவிக்குரியது என்று சொன்னால் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்படியென்றால் என்ன என்று கேட்டால் கை வானத்தைக் காட்டும். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

"என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" என்று இயேசு தம்மை விசாரித்த ரோம அதிபதி பிலாத்துவிடம் சொன்னதும் நாம் வாசிப்பை நிறுத்திவிடுகிறோம். அப்படி உரியதாக இருந்தால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே என்று அதே மூச்சில் அவர் சொல்கிறார். முந்தின ராத்திரிதான், அவரைப் பிடிக்க வந்த இடத்தில் சீஷன் பேதுரு வாளை உருவி பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரன் மல்குஸின் காதை வெட்ட, உறையிலே போடு என்று அதட்டியிருந்தார். அடிதடி இல்லாத ராஜ்யம், அவ்வளவுதான் அவர் காட்டிய அடையாளம்.

இதை மறந்தவர்களும் உண்டு. 1534-ல் ஜெர்மனியில் மியூன்ஸ்டர் நகரத்தைக் கைப்பற்றிய அனபாப்டிஸ்டு என்ற கிறிஸ்தவக் குழுவினர், புதிய எருசலேம் இதுவே என்றார்கள். லெய்டன் ஊரிலிருந்து வந்த யான் என்ற தையற்காரர் ராஜாவாக முடிசூட்டிக்கொண்டார். முற்றுகை, பட்டினி. அடுத்த வருஷமே நகரம் விழுந்தது. தலைவர்கள் மூவரின் சடலங்களைத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டுகள் புனித லம்பெர்ட் ஆலயக் கோபுரத்தில் இன்றும் இருக்கின்றன.

அதற்கு நேர்மாறாக, எனக்குப் பிடித்த இடம் வேதாகமத்தில் ரோமர் நிருபத்தின் 14-ம் அதிகாரம். கி.பி. 57 வாக்கில், தான் அதுவரை போயிராத ரோமாபுரிச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதுகிறார். அங்கே சபைக்குள் சண்டை, அதுவும் சாப்பாட்டுக்காக. ஒரு சாரார் எல்லாம் சாப்பிடுகிறார்கள், இன்னொரு சாரார் மனச்சாட்சிக்குப் பயந்து காய்கறியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இவன் அவனை அற்பமாக எண்ணுகிறான், அவன் இவனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறான். எந்தப் பதார்த்தமும் தன்னிலே தீட்டில்லை என்பதுதான் பவுலின் சொந்தக் கருத்து. ஆனாலும் உன் சாப்பாட்டால் சகோதரன் விசனப்பட்டால் நீ அன்பாக நடக்கிறவனல்ல என்கிறார். தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல, நீதியும் சமாதானமும் பரிசுத்த ஆவியினாலுண்டாகும் சந்தோஷமுமே என்ற வசனம் இந்தச் சண்டைக்கு நடுவில்தான் வருகிறது. முதலில் நிற்பது நீதி. வீட்டு வேலைக்கு வரும் அக்காளுக்குச் சம்பளத்தை இழுத்தடித்துவிட்டு "நாம ஆவிக்குரிய மனுஷங்க" என்று சொல்கிறவர்கள் இதை எப்படி வாசிக்கிறார்களோ!

திருநெல்வேலிப் பக்கம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை என்றால் அசனம், அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து, உண்டு. ஆலயத்துக்குப் பின்னால் செங்கல் அடுப்புக் கூட்டி, அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும், கத்தரிக்காய்க் கூட்டும். எந்த சாதி, எந்தத் தெரு என்று பாராமல் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரவேண்டும் என்பதுதான் பேச்சு. நடப்பு வேறு. எங்கள் ஊரில் முதல் பந்தி ஆலயத்துக்கு அதிக வரி கட்டுகிறவர்களுக்கு என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. போன பண்டிகையில் ஒரு பெரியவரைப் பாதிப் பந்தியில் எழுப்பினதை என் கண்ணால் பார்த்தேன். இலையில் சோறு விழுந்த பிறகு. அவர் ஒன்றும் பேசாமல் இலையை மடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதனால் போன வாரக் கூட்டத்தில், கமிட்டிக்காரர்களும் பாட்டுக் குழுவும் நாமும் கடைசிப் பந்தியில் உட்காருவோம் என்று சொல்லிப் பார்த்தேன். சபைக் குருவானவர் ஐயருக்குச் சம்மதம், பெண்கள் ஐக்கியத்துக்கும் சம்மதம். பொருளாளர் அண்ணன்தான், "கடைசிப் பந்தியில எலும்புதான்டே கெடைக்கும்" என்கிறார். அதில் அவர் பொய் சொல்லவில்லை.