வழுக்கையாற்றங்கரையில் மீன் குளம்: வெட்டுவதற்கு முன் கழிந்த ஒரு வருடம்

யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய்ப் பக்கம் வழுக்கையாற்றை அண்டி எங்களுக்கு எட்டுப் பரப்பு (அரை ஏக்கர்) வயற்காணி உண்டு. கோடையில் வறண்டு கிடக்கும் இந்த ஆறு, மாரியில் குடாநாட்டின் நடுப்பகுதி வெள்ளத்தை அராலி வழியாகக் கடலேரிக்குக் கொண்டு செல்கிறது. நீர் அருகில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ஆற்றை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் உயரமாக அணை கட்டி மீன் வளர்க்கலாம் என்றே முதலில் எண்ணினேன்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் பக்கத்துக் காணிப் பெரியவர். 2008 கார்த்திகையில் நிஷா புயலின்போது வெள்ளம் ஏறி நின்ற இடத்தைத் தமது கிணற்றுக்கட்டில் தொட்டுக் காட்டி, "தம்பி, நீ இதிலை அணை கட்டினால் தண்ணி என்ரை வயலுக்குள்ளைதான் வரும்" என்றார். ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பி, அந்த அடையாளத்திலிருந்து எங்கள் காணியின் நான்கு மூலைகளுக்கும் மட்டம் பார்த்தோம். ஆற்றோர மூலை வெள்ள மட்டத்துக்கு மூன்று அடி கீழே இருந்தது. வீதிப் பக்க மூலையோ அரை அடிதான் கீழே. ஆற்றோரத்தில் கட்டுவதென்றால் நாலரை அடி உயரத்துக்கு அணை வேண்டும். அது வெள்ளம் விரிந்து ஓடும் வழியையும் நெருக்கிவிடும். ஆகவே வீதிப் பக்கத்து மூன்று பரப்பில் மட்டும் குளம் வெட்டி, வெட்டும் மண்ணால் இரண்டடி வரம்பு கட்டி, மிகுந்த ஐந்து பரப்பையும் வயலாகவே விட்டுவிடுவதெனத் தீர்மானித்தேன்.

குழி தோண்டிப் பார்த்தபோது நான்கடியிலேயே சுண்ணாம்புக்கல் தட்டுப்பட்டது. குழியை நீரால் நிரப்பினோம்; மறுநாள் காலையில் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. கல்லை உடைத்தால் நீர் நிலத்தடிக்கு இறங்குவதோடு, கோடையில் உவர் ஏறவும் இடமுண்டு என்பதால், கல்லுக்கு ஓரடி மேலேயே வெட்டை நிறுத்தி, அடியில் களிமண் பரப்பி இறுக்குவதாகத் திட்டத்தைத் திருத்தினேன்.

அனுமதிக்கு அதிகக் காலம் பிடித்தது. காணி உறுதிப் பத்திரத்தில் வயற்காணி என்றிருந்ததால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி தேவைப்பட்டது. கமநல சேவை நிலையத்தில் விண்ணப்பத்தோடு மட்ட அளவுகளையும் வரைபடத்தில் குறித்துக் கொடுத்தேன். களப் பரிசோதனைக்கு வந்தவர் முதலில் கேட்டதே "வெள்ளம் எதாலை போகும்?" என்பதுதான். மீன் வளர்ப்புக்கான அனுமதி தொடர்பாகத் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையையும் அணுகினேன்.

திலாப்பியாவைத் தேர்ந்தது, ஓரளவு உவரையும் அது தாங்கும் என்பதால். ஆனால் அது ஆற்றில் கலந்துவிடக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த கவலை உண்டு. வெளியேற்றுக் குழாய்க்கு இரட்டை வலை போடுவதோடு, தையில் குஞ்சு விட்டுப் புரட்டாசிக்குள் முழுதாகப் பிடித்து முடிப்பதாகவும் நாள் குறித்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வரம்பைத் தாண்டினாலும் குளத்தில் மீன் இராது. ஆவணியில் வெட்டத் தொடங்குகிறோம். பெரியவர் காட்டிய மட்டத்தில் ஒரு கட்டையை நட்டு, சிவப்பு மை பூசி வைத்திருக்கிறேன்.