வாசல் இன்டர்காமின் கட்டளையும் மறுமொழியும்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசல் இன்டர்காம்களில் பல, 2002-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3261 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணம் வரையறுக்கும் சிப் (SIP) நெறிமுறைப்படியே, அதாவது வலையமைப்பு வழி அழைப்புகளைத் தொடங்கவும் முடிக்கவும் உள்ள விதிகளின்படியே, பேசிக்கொள்கின்றன. பொத்தானை அழுத்தியதும் வாசல் கருவி ‘இன்வைட்’ என்னும் கட்டளையை அனுப்ப, வீட்டுக் கருவி மணி ஒலிப்பதை 180 என்ற எண்ணாலும், அழைப்பு ஏற்கப்பட்டதை 200 என்ற எண்ணாலும் தெரிவிக்கிறது. அந்த 200 வந்து சேர்ந்ததற்கு வாசல் கருவி ‘ஆக்’ (ACK) என்னும் ஒப்புகையை அனுப்புகிறது. என்னைக் கவர்ந்தது, பதில் வராதபோது அது காட்டும் பொறுமைதான்: செய்தி சேர்ந்ததா என்று தானே உறுதிசெய்யாத யூ.டி.பி. என்னும் அனுப்புமுறை வழியே சென்ற கட்டளைக்கு மறுமொழியே இல்லாவிட்டால், அரை நொடியில் மீண்டும் அனுப்பி, பின்னர் ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, இயல்பான அமைப்பில் 32 நொடிகளில் முயற்சியைக் கைவிடுகிறது. கதவைத் திறக்கவோ இதில் தனிக் கட்டளை கிடையாது. பல கருவிகளில், பேச்சின் நடுவே அழுத்தப்படும் எண்ணின் ஒலிக்குறியே பூட்டை விடுவிக்கிறது. பூட்டு உண்மையிலேயே திறந்ததா என்பதை அந்த ஒலிக்குறி திரும்பச் சொல்வதில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.