மண்டபச் சாவி அவரிடம், ஓட்டு என்னிடம்

லண்டன் ஓரத்தில் ஒரு கவுன்சில் அலுவலகத்தில், வாடகை உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தேர்தல் வந்தால் எங்களில் விருப்பப்பட்டவர்கள் பூத் வேலைக்குப் பெயர் கொடுக்கலாம்; அதற்குத் தனிச் சம்பளம் உண்டு. நான் பெரும்பாலும் கொடுத்துவிடுவேன். போல் கிளார்க் வேலை. வருகிறவரின் பெயரைப் பட்டியலில் தேடிக் கோடு போட வேண்டும், சீட்டைக் கிழித்து மடித்துக் கொடுக்க வேண்டும். காலை 7 மணிக்குக் கதவு திறந்தால் இரவு 10 வரை நாற்காலியை விட்டு அதிகம் எழுந்திருக்க முடியாது.

திருச்சியில் பூத் என்றால் வாசலில் போலீஸ், உள்ளே விரலில் மை. இங்கே நான் வேலை பார்த்த அந்த வருடங்களில் அடையாள அட்டைகூடக் கேட்க மாட்டோம். பெயரும் முகவரியும் சொன்னால் போதும். ஒரு சர்ச் மண்டபம், நான்கு தடுப்புகள், கயிற்றில் கட்டிய பென்சில்கள். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற போலந்துக்கார அம்மாதான் விடியற்காலையில் சாவியோடு வந்து திறந்துவிடுவார். மேஜையைச் சரி செய்வார், கெட்டிலில் தண்ணீர் வைப்பார். அவருக்கு என்னைவிட எட்டு, பத்து வயது கூட இருக்கும். இந்த ஊருக்கு வந்தது போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த 2004-ல்.

2016 ஜூன் 23 அன்று விடியற்காலையிலேயே இடியும் மழையும். லண்டனில் பல தெருக்களில் வெள்ளம். அவர் நனைந்துகொண்டே வந்து கதவைத் திறந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் இருப்பதா, விலகுவதா என்ற வாக்கெடுப்பு அன்று. டீயை மேஜையில் வைத்துவிட்டு, "உங்களுக்கு இதில் ஓட்டு உண்டா?" என்று கேட்டார். உண்டு, தபாலில் போட்டுவிட்டேன் என்றேன். அப்போது என் கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட்தான். காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இங்கே சட்டப்படி வசிக்கிற இந்தியர், இலங்கையர் எல்லோருக்கும் அந்த வாக்கெடுப்பில் ஓட்டு இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்து நாட்டவருக்கு இல்லை. அயர்லாந்து, மால்ட்டா, சைப்ரஸ்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர் "அப்படியா" என்று மட்டும் சொன்னார். அந்த மேஜையை எனக்காகத் துடைத்துவைத்தவர் அவர். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அன்று கூட்டம் நிற்கவே இல்லை. பென்சிலை அழித்துவிடுவார்கள் என்ற பேச்சு பரவியிருந்ததால் சிலர் சொந்தப் பேனா கொண்டுவந்தார்கள். மதியத்துக்கு மேல் ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், சொட்டச் சொட்ட நனைந்த கோட்டு. சீட்டைக் கையில் வாங்கியவர் நகராமல் நின்றார். "இதை என்ன செய்ய வேண்டும்? நான் இதுவரை ஓட்டுப் போட்டதே இல்லை" என்றார். தடுப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போடச் சொன்னேன். வெகு நேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்து பெட்டியில் போட்ட பிறகும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்தக் கட்டத்தில் போட்டாரோ, எனக்குத் தெரியாது. 2015 பொதுத் தேர்தலைவிடச் சுமார் 28 லட்சம் பேர் அன்று கூடுதலாக வாக்களித்தார்கள். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய ஈரக் கோட்டுதான் எனக்கு ஞாபகம் வரும்.

முடிவு தெரிந்ததே: விலக வேண்டும் என்றவர்கள் 1 கோடியே 74 லட்சம், இருக்க வேண்டும் என்றவர்கள் 1 கோடியே 61 லட்சம். நான் இருக்க வேண்டும் என்று போட்டவள். அடுத்த சில நாள்களிலேயே மறுவாக்கெடுப்பு கேட்கும் மனுவில் 40 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. அந்த மனுவை முதலில் எழுதியவர் விலகல் பக்கத்துக்காரர். தன் பக்கம் தோற்றுவிடும் என்று நினைத்து, வாக்கெடுப்புக்கு முன்பே எழுதிவைத்திருந்தார்.

எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் இந்தப் பேச்சு சூடு பிடித்தது 2018-ல்தான். அந்த ஏப்ரலில் 'மக்கள் வாக்கு' என்ற இயக்கம் தொடங்கியது. அரசு பேசி முடித்துக் கொண்டுவரும் ஒப்பந்தத்தை மக்களிடமே காட்டிக் கடைசியாக ஒருமுறை கேளுங்கள் என்பது கோரிக்கை. அக்டோபரில் ஊர்வலம் போனபோது என் மகள் முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு கிளம்பினாள். 2016-ல் அவளுக்கு வயது 16, ஓட்டு இல்லை. "நீங்க வரலையாம்மா?" என்று வாசலில் நின்று கேட்டாள். நான் போகவில்லை. அவள் கேட்டது எனக்கும் வேண்டும்தான். ஆனால் அந்தப் பெரியவரை வாசலில் நிறுத்தி, "நீங்கள் போட்டது செல்லாது, மறுபடி வாருங்கள்" என்று சொல்லுகிற இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

பக்கத்து மேஜையில் யாழ்ப்பாணத் தம்பி ஒருவர் இருந்தார். விலக வேண்டும் என்று போட்டவர். "ஐரோப்பாக்காரர் டிக்கெட் எடுத்தால் வந்திடலாம் அக்கா. என்ர அம்மாவைக் கூப்பிட நான் எத்தனை வருசமா அலையிறன்?" என்பார். 2012-ல் வயதான பெற்றோருக்கான விசா விதியை அவ்வளவு இறுக்கிவிட்டார்கள். அவர் சொல்வதில் வலி இருந்தது. ஐரோப்பியர் வரத்து குறைந்தால் நம் ஆட்களுக்குக் கதவு திறக்கும் என்று அப்போது சொன்னவர்களை அவர் நம்பினார். அந்தக் கதவு அவர் அம்மாவுக்குத் திறக்கவில்லை. அப்படியிருந்தும், "மறுபடி கேக்கிறதெண்டால் முதல் கேட்டது என்னத்துக்கு?" என்பதில் அவர் அசையவே இல்லை. எதிரே உட்காரும் மதுரைக்காரப் பெண் விடமாட்டாள்: "பொண்ணு பார்த்துப் பிடிச்சிருக்குன்னு சொன்னதும் தாலி கட்டினதும் ஒண்ணா? நடுவுல விசாரிக்க மாட்டாங்களா?" இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். நான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

மதுரைக்காரி சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நிச்சயதார்த்தம் என்று சொல்லிக் கூப்பிட்டால்தான் வந்தவர்களுக்கு அது நிச்சயதார்த்தம். நியூசிலாந்தில் தேர்தல் முறையை மாற்றும்போது 1992-ல் முதலில் கருத்துக் கேட்டார்கள், 1993-ல் குறிப்பிட்ட ஒரு முறையை முன்வைத்து மறுபடி கேட்டார்கள். இரண்டு படி இருக்கிறது என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். இங்கேயும் அந்த யோசனை இல்லாமல் இல்லை. விலகலுக்காகப் பின்னாளில் கடுமையாகப் போராடிய ஜேக்கப் ரீஸ்-மோக், 2011-ல் நாடாளுமன்றத்திலேயே, இரண்டு வாக்கெடுப்பு வைக்கலாம், பேச்சுவார்த்தை முடிந்த பிறகு இரண்டாவதை வைப்பது பொருத்தமாக இருக்கும் என்று பேசியிருக்கிறார். 2016-க்கு முன் அதைச் சட்டத்தில் எழுதியிருந்தால் இரண்டாவது வாக்கெடுப்பு எல்லோருடைய உரிமையாகவும் இருந்திருக்கும். தோற்ற பிறகு கேட்டதால் தோற்றவர்களின் கோரிக்கையாகிவிட்டது. என் பக்கம் செய்யத் தவறியது அது. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 1 இரவு வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். எந்த ஒப்பந்தமானாலும் மக்களிடம் கேட்க வேண்டும் என்ற தீர்மானத்துக்கு நாடாளுமன்றத்தில் ஆதரவு 280, எதிர்ப்பு 292. வெறும் 12 ஓட்டு. அன்று முன்வைத்த மற்ற வழிகளும் தோற்றன. மகள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

மார்ச்சில் விலகியிருக்க வேண்டிய நாடு விலகாததால், மே 23-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலை நடத்த வேண்டி வந்தது. நடக்காமல் தவிர்த்துவிடலாம் என்று அரசு கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தது. நடந்தே தீரும் என்று சொன்னது மே 7-ல். ஐரோப்பிய நாட்டவர் இந்தத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆனால், இங்கே மட்டும்தான் ஓட்டுப் போடுவேன் என்று தனிப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதற்குக் கடைசி நாளும் அதே மே 7.

மே 23 அன்றும் காலையில் அந்த அம்மா கதவைத் திறந்தார். இந்த முறை நல்ல ப்ளவுஸ், உதட்டில் லேசாகச் சாயம். வழக்கமாக ஏப்ரன் போட்டிருப்பவர். ஓட்டு ஆரம்பித்துச் சற்று நேரத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்று வந்து, பெயரும் முகவரியும் சொன்னார், எனக்குத் தெரியாதது போல. ஸ்கேலைப் பட்டியலில் வைத்து இறக்கினேன். பெயர் இருந்தது. பக்கத்தில் 'ஜி' என்ற எழுத்து. உள்ளூர்த் தேர்தலுக்கு மட்டும் என்று அர்த்தம்.

படிவம் அனுப்பினீர்களா என்று கேட்டேன். அனுப்பினாராம், வந்ததே தாமதமாக, வந்த அன்றே பூர்த்தி செய்து தபாலில் போட்டாராம். பிரிசைடிங் ஆபீசர் தேர்தல் பிரிவுக்குப் போன் செய்தார். பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் அவர் மேஜை ஓரத்தில் தள்ளி நின்று, பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டார். பதில் வந்தது: பதிவாகவில்லை, சீட்டுத் தர முடியாது, சொந்த நாட்டில் வாக்களிக்கலாம் என்று சொல்லுங்கள். சொல்ல வேண்டியவள் நான். போலந்து என்ற சொல் என் வாயில் வரவில்லை. "இன்றைக்கு முடியாதாம், மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு சமையலறைக்குப் போய் ஏப்ரனை மாட்டிக்கொண்டார். பதினொரு மணிக்கு எங்களுக்கு டீ வந்தது.

நாடு முழுவதும் அன்று இப்படித் திரும்பிப் போனவர்கள் ஏராளம். மாலைச் செய்தியில் அழுதுகொண்டே பேசியவர்களைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு, மறுவாக்கெடுப்பு என்று யார் பேசினாலும் எனக்குள் எழுந்த கேள்வி வேறு. பட்டியலில் யார் யார் இருப்பார்கள்? ஸ்காட்லாந்து 2014-ல் தன் விடுதலை வாக்கெடுப்பில் ஐரோப்பிய நாட்டவரையும் சேர்த்தது, 16 வயதுப் பிள்ளைகளையும் சேர்த்தது. அங்கே முடிந்தது. மறுவாக்கெடுப்பில் சுமார் 30 லட்சம் பேரின் வாழ்க்கை முடிவாகும், அவர்கள் வெளியே நிற்பார்கள் என்றால், 2016-ன் தவறைத்தான் மறுபடி செய்கிறோம். இதைச் சாப்பாட்டு அறையில் ஒருநாள் சொன்னேன். மதுரைக்காரி யோசித்தாள். யாழ்ப்பாணத் தம்பி, "அது சரிதான் அக்கா" என்றார். அவர் அப்படிச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

டிசம்பர் 12 பொதுத் தேர்தலோடு பேச்சு ஓய்ந்தது. லேபர் கட்சி மறுவாக்கெடுப்பு தருவோம் என்றது; கன்சர்வேட்டிவ் கட்சி பிரெக்ஸிட்டை, அதாவது விலகலை, முடிப்போம் என்றது. அன்றும் அதே மண்டபம், நல்ல குளிர். ஹீட்டரை அவர் விடியுமுன்பே போட்டுவைத்திருந்தார். இரவு 10 மணிக்குப் பெட்டிக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தபோது யாரோ போனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள், கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் பெரிய பெரும்பான்மை வருமாம் என்று. எண்ணி முடித்தபோது அது 80 இடம். ஆனால் அப்போதே எல்லோருக்கும் புரிந்துவிட்டது, இனி வாக்கெடுப்பு என்ற பேச்சு இல்லை.

தடுப்புகளை மடித்துச் சுவரோரம் சாய்த்தோம். அவர் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார். வாசலில் பூட்டும்போது கேட்டார்: "மே மாதம் மேயர் தேர்தல். அதில் எனக்கு ஓட்டு உண்டுதானே?"

உண்டு என்றேன்.

"படிவம் ஏதாவது?"

ஒன்றும் வேண்டாம், பெயர் பட்டியலில் இருக்கிறது, நானே பார்த்தேன் என்றேன். சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார்.