இடுப்பில் வைக்க எந்தத் துப்பாக்கியை நம்பலாம்: இதுவரை சுட்டுப் பார்த்ததில்

உரிமம் எடுத்துக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சில மாதங்களாகச் சுட்டுப் பார்த்துக் குறித்துவருவதில் எனக்குத் தெரிவது வேறு. கையில் இருக்கும் இந்த ஒரு துப்பாக்கி, இந்த மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி), இந்தத் தோட்டா, இந்தக் கை, நான்கும் சேர்ந்து ஓடினால்தான் அதை நம்ப முடியும்.

சோதனையில் இருப்பவை க்ளாக் 19 என்ற பிஸ்டல் ஒன்று, சட்டைக்குள் மறையும் சின்ன 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று, ஐந்து குண்டு ரிவால்வர் ஒன்று. எது எப்போது சிக்கி நின்றாலும் தேதி, தோட்டா, மேகசின் எண் மூன்றையும் நோட்டில் எழுதிவிடுகிறேன். மேகசின்களின் அடியில் பெயின்ட் பேனாவால் எண் போட்டதுதான் இதுவரை செய்ததிலேயே உருப்படியான வேலை. சின்ன பிஸ்டலில் தோட்டாவின் மூக்கு, அதைக் குழலுக்குள் ஏற்றிவிடும் சரிவான ராம்ப்பில் முட்டி நின்ற ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்தது 2ஆம் எண்தான். மற்ற மேகசின்களோடு துப்பாக்கி சுத்தமாக ஓடுகிறது. சின்ன பிஸ்டலில் ஸ்லைடு (சுட்டதும் பின்னால் போய் வரும் மேல்பகுதி) வேகமாகத் திரும்பிவிடும். அதற்குள் அடுத்த தோட்டாவை மேலே ஏற்ற மேகசின் ஸ்பிரிங்குக்கு நேரம் ரொம்பக் குறைவு. ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தாலும் அங்கேதான் முதலில் தெரியும்.

அடுத்தது தோட்டா. பயிற்சிக்குச் சுடும் உருண்டை மூக்குத் தோட்டா ராம்ப்பில் வழுக்கி ஏறிவிடும். மூக்கில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் தோட்டாவின் அகன்ற வாய் அதே இடத்தில் தட்டலாம். அதனால் இடுப்பில் எதைப் போட்டு வைக்கப்போகிறோமோ அதையே சுட்டுப் பார்த்தாக வேண்டும். விலை அதிகம்தான், வேறு வழி இல்லை. 200 தோட்டா தடங்கலில்லாமல் ஓடினால் போதும் என்று பலர் சொல்வார்கள். புள்ளியியலில் ஒரு எளிய கணக்கு உண்டு: ஒரு தடவைகூடத் தவறாதபோது, 3ஐச் சுட்ட எண்ணிக்கையால் வகுத்தால் உண்மையான தவறு விகிதத்தின் மேல் எல்லை 95 சதவீத உறுதியோடு ஏறக்குறைய கிடைக்கும். 200க்குப் பிறகும் அது 1.5 சதவீதம் வரை இருக்கலாம். 500 என்றால் 0.6. அதனால் 200ஐ நான் பாதி வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். 1911இல், துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரௌனிங்கின் பிஸ்டல் (பின்னால் அதன் பெயரே 1911 ஆனது) அமெரிக்க ராணுவச் சோதனையில் 6,000 தோட்டாக்களைத் தவறாமல் சுட்டது. ஆனால் அவை உருண்டை மூக்குத் தோட்டாக்கள். பழைய 1911கள் பலவற்றில் ஹாலோ பாயிண்ட் சிக்குவதற்குக் காரணம் இதுதான்.

கை விஷயம். மணிக்கட்டு தளர்ந்தால் பிடியும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும். ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது, சுட்ட தோட்டாவின் காலி உறை (கேஸ்) வெளியேறாமல் சிக்கும். எடை குறைந்த பிளாஸ்டிக் பிடிகளில் இது அதிகம். அடிபட்ட நிலையில் ஒரே கையால் சுட வேண்டி வரலாம் என்பதால் வலது கை மட்டும், இடது கை மட்டும் என்று தனித்தனியாகச் சுடுகிறேன். க்ளாக் இரண்டு கையிலும் ஓடிவிட்டது.

ரிவால்வர் சிக்கவே சிக்காது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. எரியாத மருந்துத் துகள், காலி கேஸ்களை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் போனாலே, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் இறுகும். இலகுவான ரிவால்வரில் உதைப்பு பலமாக இருந்தால், சுடாத தோட்டாவின் குண்டு முன்னால் நகர்ந்து சிலிண்டரையே சுற்றவிடாமல் தடுக்கும். நான்கைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதை வெளியே எடுத்து வெர்னியரில் நீளம் அளக்கிறேன். இதுவரை நகரவில்லை.

பிஸ்டலில் இதற்கு நேர்மாறு. அதே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) ஏற்றி இறக்கினால் குண்டு கேஸுக்குள் அமுங்கும், சுடும்போது அழுத்தம் கூடும். அப்படி நீளம் குறைந்த தோட்டாவைத் தனியே ஒதுக்கிவிடுகிறேன்.

இப்போதைக்கு இடுப்பில் க்ளாக்தான். சின்ன பிஸ்டலில் 2ஆம் எண்ணைக் கழித்துவிட்டுப் ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டிருக்கிறேன்; அதற்கு எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓடுகிறது. ரிவால்வருக்கு இடது கைச் சோதனை பாக்கி.