வேனல்கோட்டைக்கு மைக்செட் அனுமதி

ஊரில் நாடகம் போடப் போகிறவர்கள் மைக்செட் அனுமதி மனுவை இரண்டு படி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் போலீஸ் ஸ்டேஷன் படியை விட்டு இறங்காதீர்கள். "வச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்பை நம்பி மனு வைத்த பக்கத்து ஊர்க்காரர்கள், "அப்படி ஒரு மனுவே வரல்லியே" என்ற பதிலோடு நடனம் மட்டும் ஆடிவிட்டுக் கலைந்தார்கள்.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஒரு சின்ன ஊர். தேவாலயத்துப் பங்குத் திருவிழாவின் எட்டாம் நாள் இரவு நாடகம் எங்கள் கலைமன்றத்தின் பொறுப்பு. வழக்கமாகக் குடி ஒழிப்பு, வரதட்சணை, இல்லாவிட்டால் ஒரு வேதாகமக் கதை. இந்த முறை பையன்கள், "அண்ணே, நம்ம ஊரே வேண்டாம். வேற ஒரு உலகம் வேணும்" என்றார்கள். அப்படி வந்ததுதான் வேனல்கோட்டை. சுற்றிலும் மணல், நடுவில் ஒரு நகரம், பூமிக்கடியில் ஒரே ஒரு நீர்த்தொட்டி. நாற்பது ஆண்டு ஆட்டிப்படைத்த கருங்கோன் வீழ்ந்த மறுநாள் காலையில் திரை விலகும். அவன் மேடைக்கே வரமாட்டான். தொட்டியின் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. களஞ்சியக் கணக்கு எரிந்து கிடக்கும். சிறையிலிருந்து வந்தவன் வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளே வேறு குடும்பம். மதில்மேல் ஏறும் மணலை இத்தனை நாள் வாரிக்கொட்டிய அடிமைகள் விடுதலையாகிவிட்டார்கள். இனி யார் வாருவது என்று பெரிய மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இரண்டாம் காட்சியில் தண்ணீர்ச் சீட்டு எழுதும் கணக்கப்பிள்ளை வருவான். அரசனின் முத்திரை இல்லாமல் ஒரு குடம்கூடத் தரமாட்டேன் என்பான். அரசன்தான் போய்விட்டானே என்றால், "அப்படியென்றால் போய்விட்டான் என்பதற்கு அவனுடைய முத்திரையோடு ஒரு கடிதம் கொண்டுவாருங்கள்" என்பான். ஒத்திகையில் எல்லோரும் சிரித்தோம். மனு கொடுக்கப் போகும்வரை அது வெறும் நகைச்சுவை.

நாடகத்தின் பெயர் இல்லாமல் மனு வாங்கமாட்டேன் என்றார் ஸ்டேஷன் ரைட்டர். 'கொடுங்கோலன் வீழ்ந்த மறுநாள்' என்று சொன்னதும் பேனாவை மூடிவிட்டார்.

"இந்த ராஜா யாரு சாரே?"

"கற்பனை சார். இப்போ உயிரோட இல்ல."

"எப்போ செத்தாரு?"

"நாடகம் தொடங்குறதுக்கு முந்தின நாள்."

"கொலையா, இயற்கையா?"

"அது நாடகத்துல சொல்லல்ல."

"சொல்லாம எப்படி? நாளைக்கு எவனாவது கட்சிக்காரன் வந்து இது எங்க தலைவரத்தான் சொல்லுதுன்னு நின்னா, நான் என்ன பதில் சொல்லுவேன்?"

நியாயமான கவலைதான். ஆனால் அதற்காகக் கேட்டவை அதிகம். முழு வசனப் பிரதி மூன்று, ஒவ்வொரு பக்கத்திலும் மன்றத் தலைவர் கையெழுத்து, நடிகர்கள் அத்தனை பேரின் ஆதார் நகல். ஒட்டகமாக நடிக்கும் இரண்டு பையன்களும் பத்தாம் வகுப்பு. அவர்களுக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம். எல்லாம் கொண்டுபோனால் அவர் பந்தோபஸ்து டியூட்டியில் இருப்பார். வேறொருவர் வாங்க மாட்டார். "அவருதான் பார்த்தது, அவருட்டயே குடுங்க."

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர் ஓய்வுபெற்ற வக்கீல் மாமா கைகொடுத்தார். நாடகப் பிரதியைப் போலீஸ் முன்கூட்டியே வாங்கிப் பார்க்கும் பழக்கம் 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டத்திலிருந்து வந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013 ஜனவரியில், அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கும் மூத்த 1876ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டத்தைப் பிற்பாடு நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி கட்டாயம் வேண்டும், அது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதை மறுக்க முடியாது. கதைக்கு அனுமதி என்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் குழப்பித்தான் நம்மை அலைய விடுகிறார்கள்.

தீர்ப்பை அச்செடுத்து, வேண்டிய வரிகளில் மஞ்சள் அடித்துக் கொண்டுபோங்கள். குரலை மட்டும் உயர்த்தாதீர்கள். "சார், இதையும் ஒருமுறை பார்த்திடுங்க" என்று மனுவோடு சேர்த்து வையுங்கள். ரைட்டர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் மேசைக்குப் போனபோது அது கோப்பின் மேலேயே இருந்தது.

அதற்குள் படுதா பிரச்சினை முளைத்தது. நகருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பாலம் இடிந்து கிடப்பதாகப் பின்திரை வரையச் சொல்லியிருந்தோம். ஓவியர் அருவிக்கரைப் பக்கத்து ஆள். வேறு எந்தப் பாலத்தை வரைவார்? அச்சு அசலாக மாத்தூர் தொட்டிப்பாலம், நடுவில் இரண்டு தூண் விழுந்த நிலையில். ஒத்திகைப் படம் யாரோ வாட்ஸ்அப்பில் போட, அது ஸ்டேஷன்வரை போய்விட்டது. "அரசாங்கச் சொத்தை இடிச்சமாதிரி காட்டியிருக்கியளே?" 1966இல் கட்டி, 115 அடி உயரத்தில் இன்னமும் அசையாமல் நிற்கிற பாலம் அது. எங்கள் படுதாவால் அதற்கு ஒரு கீறலும் விழாது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. கடைசியில் தூண்களுக்கு மேல் வளைவுகள் சேர்த்து, பக்கத்தில் மூன்று பேரீச்ச மரமும் வரைந்தார். பேரீச்ச மரம் இருந்தால் அது வெளிநாடு. ஏற்றுக்கொண்டார்கள்.

பேரூராட்சியின் தடையில்லாக் கடிதம் ஒரே நாளில் கிடைத்தது. தற்காலிக மின் இணைப்பும் அப்படியே. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மணல் கதையைத்தான் சொல்ல வேண்டும். பாலைவனத்துக்கு மணல் வேண்டாமா? கடல் அரைமணி நேரத் தூரம், டெம்போவில் வாரிவந்தால் போச்சு என்று பையன்கள் கிளம்பிவிட்டார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட் என்ற தாதுக்கள் இருக்கின்றன. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுசக்திச் சட்டம்வரை போகிற சரக்கு. தனியார் தாது மணல் அள்ள 2013இலேயே தடை வந்துவிட்டது. கோணிப்பையோடு கரையில் நின்றால், நாடகத்துக்கு என்று எவரும் நம்பமாட்டார்கள்.

சரி, முறையாகவே போவோம் என்று கிரஷரில் எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்கிற மணல், வாங்கினோம். சாம்பல் நிறம்தான், மேலே செம்மண் தூவிக்கொள்ளலாம் என்று கணக்கு. லோடு கொண்டுபோகும் அனுமதியான நடைச்சீட்டும் உண்டு. டிரைவர் வழியில் வேறொரு சில்லறை வேலையை முடித்துக்கொண்டு வந்ததில் சீட்டில் போட்டிருந்த நேரம் கடந்துவிட்டது. சோதனையில் நிறுத்தினார்கள். நேரம் தாண்டிய சீட்டும் சீட்டே இல்லாததும் அவர்களுக்கு ஒன்றுதான். மன்றத் தலைவரும் நானும் பைக்கில் போய், "சார், இது மேடையில பாலைவனம் போடறதுக்கு" என்றோம். சோதனை அதிகாரி எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மாலைவரை நிற்க வைத்து, கிரஷர்காரரே போனில் பேசிய பிறகு, லோடைத் திருப்பிக் கொண்டுபோகும்படி விட்டார்கள். நடைச்சீட்டில் நேரத்தை நீங்களே படித்துப் பாருங்கள். டிரைவர் படிக்கமாட்டார்.

வேனல்கோட்டையின் மணல் கடைசியில் குலசேகரம் பக்கத்து மரமில்லிலிருந்து வந்தது. ரப்பர் மரத் தூள். வெளிர் மஞ்சள், விளக்கு வெளிச்சத்தில் கடல் மணலைவிட நன்றாகவே இருந்தது, இலவசமாகவும் கிடைத்தது. ஆனால் காய்ந்த மரத்தூளும் மேடை விளக்கும் ஆகாது. பார்க்க வந்த தீயணைப்பு ஊழியர், தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, ஒரு குடம் தண்ணீருக்கு மக்கள் அடித்துக்கொள்ளும் நகரத்தின் மேல், திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் ஓஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அனுமதிக்கு வருவோம். திருவிழா தொடங்கிய பிறகுதான் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். பிரதியைப் படித்திருந்தார், அதைச் சொல்லவேண்டும். "இது முழுக்கத் தண்ணி விஷயம்தானே? அந்தப் பேர மாத்துங்க. குடிநீர் விழிப்புணர்வு நாடகம்னு புது மனு குடுங்க, இப்பவே கையெழுத்துப் போடுதேன்." எனக்கு உடன்பாடு இல்லை. தண்ணீரை அளந்து பயன்படுத்துங்கள் என்று சொல்கிற நாடகம் இல்லை அது. தொட்டிச் சாவியை யார் வைத்துக்கொள்வது என்று கேட்கிற நாடகம். ஆனால் வெளியே மைக்செட்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்று நின்றார். எழுதிக் கொடுத்தேன். அனுமதிக் கடிதத்தில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. வசனத்தில் ஒரு வரியும் மாற்றவில்லை. மாற்றச் சொல்லவும் இல்லை.

கடிதம் வந்ததும் நிபந்தனைகளைப் படியுங்கள். கூம்பு ஒலிபெருக்கி கூடாது, பெட்டி ஸ்பீக்கர் மட்டும். இரவு பத்து மணிக்குமேல் ஒலி கூடாது. பத்து என்றால் பத்துதான். எங்களுக்குத் திருப்பலி நீண்டு, பரிசளிப்பும் நீண்டு, மேடை கைக்கு வரும்போது எட்டு தாண்டிவிட்டது. கூலிப்படைக்காரர்கள் சம்பள பாக்கி கேட்கும் காட்சியை அங்கேயே வெட்டினோம். அதில் நடிக்க இருந்தவர்கள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நடுவில் மலைப்பக்கமிருந்து ஒரு கோடை மழையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கணக்கப்பிள்ளையாக நடித்தவர் முத்திரைக் கடிதம் கேட்டபோது விழுந்த கைதட்டல், மன்றம் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் கேட்காதது. கூட்டத்தில் பாதிப் பேர் ஏதோ ஒரு அலுவலகத்தில் நின்றுவிட்டு வந்தவர்கள்தானே.

ஒன்பது ஐம்பதுக்கு முடித்துவிட்டோம். மின் இணைப்புக்குக் கட்டிய முன்வைப்புத் தொகை திரும்ப வந்துவிட்டது. எம்-சாண்ட் காசுதான் வரவில்லை. "அடுத்த தடவ லோடு எடுக்கும்போ கழிச்சுத் தாறேன்" என்கிறார் கிரஷர்காரர். மன்றத்தில் யாருக்கும் வீடு கட்டும் யோசனை இல்லை.